கொழும்பு மாநகரத் துப்புரவுத் தொழிலாளரின் சம்பளம்: கணக்குப் பார்க்கும் முறையும் கேட்டுப் பெறும் வழியும்

சம்பளம் போதவில்லை என்று முறையிடுவதற்கு முன், சம்பளம் தருவது யார் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கொழும்பு மாநகரில் தெருக் கூட்டுபவர், கான் சுத்தம் செய்பவர், குப்பை லொறியில் ஏறுபவர், பொதுக் கழிப்பறையைப் பராமரிப்பவர் எல்லோரையும் ஊரார் “நகரசபை ஆட்கள்” என்றுதான் அழைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் மூன்று வகை. கொழும்பு மாநகர சபையின் நிரந்தர ஊழியர் முதல் வகை. சபையே நேரடியாக எடுத்த, இன்னும் நிரந்தரமாகாத தற்காலிக, அமய, பதிலாள் ஊழியர் இரண்டாம் வகை. சபையிடம் ஒப்பந்தம் எடுத்த கொம்பனியின் ஆள் மூன்றாம் வகை. மூவருக்கும் சட்டம் வேறு, முறையிடும் கதவும் வேறு. தவறான கதவைத் தட்டினால் மாதக்கணக்கில் காலம் போகும். சில உரிமைகளுக்குக் கால எல்லை இருப்பதால் அந்தத் தாமதமே உரிமையைக் கொன்றுவிடும்.

வகையை அறிய யூனிபோமைப் பார்க்காதீர்கள், சம்பளச் சிட்டையின் தலைப்பைப் பாருங்கள். அங்கே சபையின் பெயரா, கொம்பனியின் பெயரா? ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் இருக்கிறதா? இருந்தால் அந்த இலக்கத்துக்குரிய தொழில்கொள்வோர் யார்? சிட்டையே தருவதில்லை என்றால் வங்கிக் கணக்கில் சம்பளம் எந்தப் பெயரிலிருந்து வைப்பிலாகிறது என்று பாருங்கள். கையில் காசாகத் தந்து ஒரு கொப்பியில் கையொப்பம் வாங்குகிறார்கள் என்றால், அந்தப் பக்கத்தின் தலைப்பை அடுத்த முறை படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். அது சிங்களத்தில் மட்டும் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். “முழுச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை எதுவும் இல்லை” என்ற ஒரு வரி பின்னால் பெரிய தொல்லையாகும்.

நிரந்தர ஊழியரின் சிட்டை

சபையின் நிரந்தரத் தொழிலாளருக்குச் சம்பளத்தை மாநகர முதல்வரோ சபையோ தீர்மானிப்பதில்லை. அரச நிர்வாகச் சுற்றறிக்கைகள் தீர்மானிக்கின்றன. 2016ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டத்தில் ஆரம்ப மட்டத்தின் முதல் அடுக்கில், அதாவது பி.எல். 1 தரத்தில், ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 40,000 ரூபாவாகவும், ஆகக் குறைந்த வருடாந்தச் சம்பள ஏற்றத்தை 250 ரூபாவிலிருந்து 450 ரூபாவாகவும் உயர்த்தியது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். உயர்வு 15,750 ரூபா என்று கேட்டவர்கள் கைக்கு வந்த தொகையைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். அதில் 7,500 ரூபா ஏற்கனவே படியாகக் கிடைத்துவந்த பணம், அது அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டது. நிகர உயர்வு 8,250 ரூபா. அதுவும் ஒரே தடவையில் வரவில்லை. முதலில் 5,000 ரூபாவும் மீதி 3,250 ரூபாவின் 30 சதவீதமான 975 ரூபாவுமாக 5,975 ரூபா 2025 ஏப்ரலில் சேர்ந்தது. எஞ்சிய 2,275 ரூபா இரண்டு சம பங்காக 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும் சேர வேண்டும், அதாவது தடவைக்கு 1,137 ரூபா 50 சதம். இது ஆரம்பப் படிக்கான கணக்கு. சேவைக்காலம் கூடியவருக்குத் தொகை மாறும், பிரிக்கும் முறை இதுதான். உங்கள் ஜனவரிச் சிட்டையை டிசம்பர்ச் சிட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்படை ஏறவில்லை என்றால் சம்பளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபா தனி வரியாக வரும்.

சிட்டையில் அடிக்கடி தவறுவது அடிப்படைச் சம்பளமல்ல, வருடாந்தச் சம்பள ஏற்றம்தான். அது தானாக வருவதாகப் பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். உரிய படிவத்தில் மேலதிகாரி கையொப்பமிட்டு அனுப்பினால்தான் அது ஏறும். உங்கள் ஏற்றத் திகதியை எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மாநகர மாவட்ட அலுவலகத்தில் படிவம் போய்விட்டதா என்று விசாரியுங்கள். தர உயர்வும் அப்படியே, விண்ணப்பித்தால்தான் கோப்பு நகரும். “நோ பே” (சம்பளமில்லா விடுப்பு) என்று பதிவான நாட்கள் ஏற்றத் திகதியைத் தள்ளிப்போடக்கூடும். ஆகவே சுகவீன விடுப்பு எடுத்தால் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்ததற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாகாதவர்களுக்கு வேலை தொடங்கிய நாளை நிரூபிப்பதே பெரிய விடயம். அரச நிர்வாகச் சுற்றறிக்கை 25/2014, குறிப்பிட்ட காலத்துக்குள் 180 நாள் சேவையை முடித்த தற்காலிக, அமய, பதிலாள் ஊழியர்களை நிரந்தரமாக்க வழி செய்தது. இத்தகைய சுற்றறிக்கை எப்போது வந்தாலும் கேட்கப்படுவது நாட் கணக்குத்தான். வருகைப் பதிவு, நாட்சம்பளப் பட்டியல், நியமனக் கடிதம், அது புதுப்பிக்கப்பட்ட கடிதங்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு கோப்பில் வையுங்கள். ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியேயும் வைக்கலாம். மழை வெள்ளத்தில் காகிதம் போன பிறகு சபையின் பழைய பதிவேட்டைத் தோண்டி எடுப்பது கடினம்.

கொம்பனி ஆளின் கணக்கு

மிகக் கூடுதலாகச் சம்பளம் பறிபோவது இந்த வகையில்தான். ஆகவே இங்கே மெதுவாகப் போவோம்.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டம் முதலில் மாதத்துக்கு 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா என்று வைத்தது. 2024இல் அது 17,500 ரூபாவும் 700 ரூபாவும் ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் 27,000 ரூபாவும் 1,080 ரூபாவும், 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபாவும் 1,200 ரூபாவும். துப்புரவுச் சேவைத் தொழிலுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனிச் சம்பளச் சபையும் இருக்கிறது. இரண்டில் எது கூடுதலோ அதுதான் உங்களுக்கு உரியது. மேலதிக நேரப் பணத்தைச் சேர்த்து 30,000 காட்டினால் அது குறைந்தபட்ச சம்பளம் ஆகாது.

மேலதிக நேரம், அதாவது ஓ.டி., ஒன்றரை மடங்கு. நாட்சம்பளம் 1,200 ரூபாவை 8 மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு 150, ஒன்றரை மடங்கு 225. இனி ஒரு சாதாரண ஏமாற்றைப் பார்ப்போம். காலை 6 முதல் மாலை 6 வரை வேலை, “நாளுக்கு 1,500 ரூபா” என்று பேச்சு. 1,200ஐ விட 300 கூட என்று தோன்றும். சாப்பாட்டுக்கு ஒரு மணி கழித்தாலும் 11 மணித்தியால வேலை, அதாவது 3 மணித்தியாலம் ஓ.டி., 675 ரூபா. உரிய தொகை 1,875. நாளுக்கு 375 ரூபா குறைகிறது. 26 நாள் வேலை செய்தால் மாதத்துக்கு 9,750 ரூபா. “மொத்தமாக இவ்வளவு” என்று சொல்லப்படும் எந்தத் தொகையையும் இப்படி உடைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஈ.பி.எப். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், தொழில்கொள்வோர் தன் கையிலிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈ.டி.எப்.க்கு, தொழில்கொள்வோர் 3 சதவீதம். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கவே கூடாது. 30,000 ரூபாவுக்கு உங்கள் பங்கு 2,400, அவர்களின் பங்கு 3,600, ஈ.டி.எப். 900. கைக்கு வர வேண்டியது 27,600. ஓ.டி. பணத்துக்கு ஈ.பி.எப். கிடையாது. வாழ்க்கைச் செலவுப் படிக்கும் உணவுப் படிக்கும் உண்டு. இதனால்தான் சில கொம்பனிகள் சம்பளத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு “வருகை ஊக்குவிப்பு” என்று பெயர் வைக்கின்றன. அப்படிப் பிரிக்கும்போது ஈ.பி.எப்., பணிக்கொடை (வேலையை விட்டு நீங்கும்போது தரும் தொகை), ஓ.டி. வீதம் மூன்றும் சேர்ந்து குறைகின்றன. ஒரு நாள் வராவிட்டால் ஊக்குவிப்பு முழுவதும் போய்விடும் என்ற பயமும் ஏற்படுகிறது. காய்ச்சலோடு வேலைக்கு வருபவர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பங்களிப்பைக் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் வைத்திருப்பதும் நடக்கிறது. ஒரு மாதத்தின் பங்களிப்பு அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் 10 நாளுக்குள் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் போனால் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் சேரும். சிட்டையில் கழிவு இருப்பது பணம் கட்டப்பட்டதற்குச் சான்றல்ல. மத்திய வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கையை எதிர்பாருங்கள், வராவிட்டால் இருப்பைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தின் மெஹெவர பியச கட்டடத்துக்கு அடையாள அட்டையோடு போய் விசாரிக்கலாம்.

தமிழ்த் தொழிலாளருக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு, பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கொம்பனிப் பதிவில் வேறு எழுத்து, தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருப்பது, முதலெழுத்து விடுபட்டிருப்பது. வேலைக்குச் சேரும் நாளிலேயே அடையாள அட்டையின் பிரதியைக் கொடுத்து, பதிவில் உங்கள் பெயரும் அட்டை இலக்கமும் அப்படியே இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பணத்தை எடுக்கப் போகும் வயதில் சத்தியக் கடதாசி தேடி அலைவதை விட இது எளிது. கொம்பனி மாறும்போது உறுப்பினர் இலக்கமும் மாறும், ஆகவே பழைய இலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அட்டைக்குள் மடித்து வையுங்கள்.

பணிக்கொடை என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தருவது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். மாதம் 30,000 ரூபா வாங்கியவர் 8 ஆண்டு முடித்திருந்தால் 15,000 வீதம் 1,20,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக் கொம்பனி ஐந்து வருடத்துக்குள் மாறிவிட்டால், அதே தெருவில் அதே வேலையைச் செய்தவர் ஒரு சதமும் இல்லாமல் நிற்பார். இருபது வருடம் குப்பை அள்ளியவருக்கும் பணிக்கொடை பூச்சியம் ஆகக்கூடிய இந்த ஓட்டையை அடைக்கக்கூடிய இடம் கேள்வி மனுப் (டெண்டர்) பத்திரம்தான்.

சம்பளம் முடிவாகும் இடம்

கொம்பனி ஆளின் சம்பளத்தைத் தீர்மானிப்பது சுப்பவைசரும் அல்ல, கொம்பனி முகாமையாளரும் அல்ல. சபை கோரும் கேள்வி மனுவிலும் அதற்குக் கிடைக்கும் விலையிலும் அது முடிவாகிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். சம்பளம் 30,000, ஈ.பி.எப். 3,600, ஈ.டி.எப். 900, மொத்தம் 34,500. பணிக்கொடைக்காக ஒதுக்க வேண்டியது வருடத்துக்கு 15,000, மாதத்துக்கு 1,250. ஆக 35,750 ரூபா. கையுறை, சப்பாத்து, மழைக்கோட்டு, விடுமுறையில் போனவருக்குப் பதிலாள், ஓ.டி., மேற்பார்வை, வாகனம், கொம்பனியின் இலாபம் எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. ஒருவருக்கு மாதத்துக்கு 35,750க்குக் குறைவாக விலை போட்டு ஒரு கொம்பனி கேள்வி மனுவை வென்றால், ஒன்றில் அது காட்டும் எண்ணிக்கையில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், அல்லது சட்டப்படியான சம்பளம் கொடுபடாது. வேறு வழியே இல்லை. இந்த ஒரு வரிக் கணக்கைத் தொழிற்சங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அந்த விலையை அறிய ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறலாம். உள்ளூராட்சி அமைப்போடு ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை செய்யும் தனியார் நிறுவனமும், அந்தச் சேவையைப் பொறுத்த அளவில், இச்சட்டத்துக்குள் வருகிறது. வேலைக்குப் பயந்தால் உங்கள் வீட்டாரோ அயலாரோ பெயர் கொடுத்துக் கேட்கலாம். நகர மண்டபத்தில் உள்ள சபையின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்:

“ஐயா / அம்மணி,
2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பின்வரும் தகவல்களைக் கோருகிறேன்.
1. இத்தனையாம் மாநகர மாவட்டத்தில் வீதித் துப்புரவுக்கும் கழிவு சேகரிப்புக்கும் தற்போது நடைமுறையிலுள்ள ஒப்பந்தங்களின் பிரதி, விலைப் பட்டியல் இணைப்புகளுடன்.
2. ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாளும் நிறுத்தப்பட வேண்டிய தொழிலாளரின் எண்ணிக்கை. கடந்த மூன்று மாதங்களில் உண்மையாக வந்தோரின் நாளாந்த எண்ணிக்கை.
3. அம்மாதங்களுக்குச் சபை ஒப்பந்தக்காரருக்குச் செலுத்திய தொகை, குறைபாட்டுக்காகக் கழித்த தொகை.
4. அம்மாதங்களுக்கு ஒப்பந்தக்காரர் சமர்ப்பித்த ஊழியர் சேமலாப நிதிக் கொடுப்பனவுச் சான்றுகள்.
5. ஒப்பந்தம் முடிவடையும் திகதி.”

தொழிலாளரின் பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று சொல்லி முழு விண்ணப்பத்தையும் தட்டிக்கழிக்க அது சாக்காகிவிடும். எண்ணிக்கை போதும். விலையை வர்த்தக இரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும் இடத்தில் தகவல் கொடுக்கப்பட வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை மேன்முறையீட்டில் எழுதுங்கள். வரிப்பணத்தில் கொடுக்கப்படும் விலை என்பதும், சட்டப்படியான சம்பளம் கிடைக்கிறதா என்று பார்க்கவே கேட்கிறீர்கள் என்பதும் வலுவான பொதுநல வாதங்கள். விண்ணப்பம் ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்க மறக்க வேண்டாம். நாட்கள் அதிலிருந்துதான் எண்ணப்படும்: முடிவு சொல்ல 14 வேலைநாட்கள், மறுப்பு வந்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவர் முடிவு சொல்ல மூன்று வாரம், பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதில் வந்ததும் விலையை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் 40 பேர், தெருவில் 28 பேர் என்றால், அந்த 28 பேர் 40 பேரின் வேலையைச் செய்கிறார்கள். அந்தக் கணக்கை மாநகர ஆணையாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். சபையும் ஏமாற்றப்படுகிறது என்பதைக் காட்டும் கடிதம், சம்பளத்தை மட்டும் கேட்கும் கடிதத்தை விட வேகமாக நகரும்.

வாழப் போதுமான சம்பளம் எவ்வளவு

சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் வேறு, ஒரு குடும்பம் கொழும்பில் மானத்தோடு வாழத் தேவையான தொகை வேறு. சர்வதேச தொழில் அமைப்பின் நிபுணர் கூட்டம் 2024 பெப்ரவரியில் வாழ்வதற்கேற்ற சம்பளம் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. உழைப்பவரின் குடும்பத் தேவை அதில் அடிப்படையாக இருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கம் இந்தத் தொகையைத் தானே கணக்கிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு தொகையைத் தேடுபவருக்கு எதிர்த்தரப்பு சொல்லும் தொகைதான் கிடைக்கும்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு எத்தனை கிலோ அரிசி, பருப்பு, மரக்கறி, எத்தனை தேங்காய், மீன், முட்டை, மா, சீனி, தேயிலை, பால்மா. பத்துப் பதினைந்து வீடுகளில் ஒரு வாரம் எழுதி வாங்குங்கள். விலையை நீங்கள் சாமான் வாங்கும் கடையிலும் எடுங்கள், மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையிலும் எடுங்கள், அதில் புறக்கோட்டை, நாரஹேன்பிட்டி விலைகள் இருக்கும். நகரத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடியிருப்புகளில், உள்ள கடையில் அரைக் கிலோ, நூறு கிராம் என்று வாங்குபவர் மொத்த விலையை விடக் கூடக் கொடுக்கிறார். அந்த வித்தியாசமும் செலவுதான். அதைத் தனியாகக் காட்டுங்கள். கொடுக்கும் வாடகை, தண்ணீர், மின்சாரம், காஸ், பஸ், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, மருந்து, தொலைபேசி, உடுப்பு, சவர்க்காரம் எல்லாம் அடுத்து. துப்புரவு வேலை செய்பவரின் வீட்டில் சவர்க்காரச் செலவு சாதாரண வீட்டை விடக் கூட. வட்டிக்கு வாங்கிய கடனின் மாதக் கட்டணத்தை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது குறைந்த சம்பளத்தின் விளைவு, தேவையின் அளவல்ல. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பட்டியலையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

கணக்கு முறைக்கு ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். பட்டியலின் கூட்டு 1,20,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், எதிர்பாராத செலவுக்கு 5 சதவீதம், 6,000, சேர்த்து 1,26,000. குடும்பத்தில் ஒருவர் முழுநேரமும் மற்றவர் இடையிடையேயும் உழைக்கிறார்கள் என்றால் உழைப்பவர் எண்ணிக்கையை 1.6 என்று வைக்கலாம். வகுத்தால் 78,750. இது கைக்கு வர வேண்டிய தொகை. 8 சதவீத ஈ.பி.எப். கழிவு இருப்பதால் 0.92ஆல் வகுக்க, 85,598 ரூபா மொத்தச் சம்பளம். ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டில் 1.6 என்று வகுத்தால் கணக்குப் பொய்யாகிவிடும். உங்கள் ஆட்களின் உண்மை நிலையைக் கேட்டு எண்ணைப் போடுங்கள். ஓ.டி. வருமானத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாழப் போதுமான சம்பளம் சாதாரண வேலை நேரத்துக்குள் கிடைக்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் முழுக் கணக்கையும் புதிதாகச் செய்ய முடியாவிட்டால், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால் உயர்த்துங்கள். அதன் அடிப்படை ஆண்டு இப்போது 2021. அதே திணைக்களம் மாவட்டவாரியாக வெளியிடும் வறுமைக்கோட்டையும் பக்கத்தில் வையுங்கள். அது ஓர் ஆளுக்கான தொகை, ஆகவே நான்கால் பெருக்குங்கள். வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பது போதும் என்று யாராவது சொன்னால், அது ஆகக் குறைந்த அடிப்படைத் தேவையை மட்டும் அளக்கும் கோடு என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

முறைப்பாடு

கொம்பனிக்கு எதிரான சம்பள, ஈ.பி.எப்., பணிக்கொடை முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்குப் போகும். லேபர் ஒபிஸுக்குப் போகும்போது வெறுங்கையோடு போனால் “கடிதம் கொண்டு வாங்கோ” என்று திருப்பி அனுப்புவார்கள். கொண்டு போக வேண்டியவை: சிட்டைகள் அல்லது வங்கிப் பதிவு, அடையாள அட்டை, கொம்பனியின் சரியான பெயரும் விலாசமும், நாளேட்டுக் குறிப்பு. நாளேடு என்பது ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பிதான். திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்தத் தெரு, சுப்பவைசர் யார், அன்று கொடுத்த பணம் எவ்வளவு என்று அன்றன்றே எழுத வேண்டும். ஒரே பேனாவால் ஒரே நாளில் எழுதிய மூன்று மாதக் குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். வருகைப் பதிவுத் தாளைத் தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது அதற்குப் பக்கபலம்.

சம்பளப் பணம் பிந்துவதும் முறையிடக்கூடிய விடயம். சம்பளச் சபைச் சட்டத்தின்படி மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுபட வேண்டும். “சபையிலிருந்து பில் வரவில்லை” என்பது தொழிலாளிக்குச் சொல்லக்கூடிய பதிலல்ல.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் நாளை எண்ணத் தொடங்குங்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க 6 மாதம்தான் இருக்கிறது. 15 அல்லது கூடுதலானோர் வேலை செய்யும் இடத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக, அவரது எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நீக்க முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அங்கும் முறைப்பாட்டுக்கு 6 மாதம். “அடுத்த மாதம் கூப்பிடுகிறோம்” என்ற வாய்ப்பேச்சை நம்பி அந்த ஆறு மாதத்தையும் இழந்தவர்கள் ஏராளம். வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அன்றே ஆஸ்பத்திரியில் பதிந்து, விபத்து வேலை நேரத்தில் நடந்தது என்பதையும் அந்தப் பதிவில் எழுதச் சொல்லுங்கள்.

நிரந்தர ஊழியரின் முறைப்பாடு முதலில் மாநகர ஆணையாளருக்கு எழுத்தில் போக வேண்டும். பாரபட்சம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றமும் உண்டு. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே கால எல்லை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லையில் சேராது.

சங்கமும் சபையும்

தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் போதும், 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி. கொம்பனியைப் பேச்சுவார்த்தைக்கு வர வைக்க அந்த இடத்துத் தொழிலாளரில் 40 சதவீதமாவது உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த அளவு இருந்தும் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை. ஆகவே தலை எண்ணுவதில் கவனமாக இருங்கள். கழிவுக் கொம்பனிகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் உறுப்பினர் பட்டியலை மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

நிரந்தர ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டும் அதிகாரம் சபைக்கு இல்லை. ஒப்பந்தத் தொழிலாளரின் சம்பளத் தரையை உயர்த்தும் வழி சபையிடம் இருக்கிறது. கேள்வி மனுவில் இந்த நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஒரு ஆளுக்கான மாதச் சம்பளம் இந்தத் தொகைக்குக் குறையக்கூடாது என்ற எண், விலைமனுவில் சம்பளம், ஈ.பி.எப்., ஈ.டி.எப்., பணிக்கொடை ஒதுக்கம், பாதுகாப்புக் கருவி என்று தனித்தனி வரிகள். முந்திய மாதத்தின் சி படிவமும் (ஈ.பி.எப். பங்களிப்பைக் காட்டும் படிவம்) பணம் கட்டிய பற்றுச்சீட்டும் இல்லாமல் அடுத்த பில் தீர்க்கப்படாது. கொம்பனி மாறினாலும் அதே ஆட்களை எடுத்து முந்திய சேவைக்காலத்தை ஏற்க வேண்டும். சம்பளத் தரை சட்டப்படி உயர்ந்தால் ஒப்பந்த விலையும் அந்த அளவுக்குத் திருத்தப்படும். கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் 2026 ஜனவரியில் நடந்தது போன்ற உயர்வு வரும்போது கொம்பனி அந்த வித்தியாசத்தை ஆட்குறைப்பில் ஈடுகட்டும். வசன நடைக்கு மாதிரி வேண்டுமானால் சர்வதேச தொழில் அமைப்பின் 94ஆம் இலக்க உடன்படிக்கையைப் பாருங்கள். பொது நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் தொழில் நிபந்தனைகள் பற்றி 1949இல் எழுதப்பட்டது அது.

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் வரவு செலவுத் திட்ட விவாதம் நடக்கும்போது கோரிக்கை கொண்டு போனால் தொகைகள் முடிவாகியிருக்கும். ஓகஸ்ட், செப்டம்பரிலேயே கணக்கோடு போங்கள். மாநகர முதல்வருக்கும், ஆணையாளருக்கும், திண்மக் கழிவு முகாமைத்துவப் பிரிவுக்கும் ஒரே கடிதம், ஒரே எண்கள். கட்சி வேறுபாடு பார்க்காமல் எல்லா உறுப்பினருக்கும் பிரதி கொடுங்கள். ஒரு கட்சியின் கோரிக்கையாகத் தோன்றினால் மற்றக் கட்சி வாக்களிக்காது.

ஒப்பந்தம் முடியும் திகதி கையில் இருந்தால், அந்தக் கடைசி மாதத்தில் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது இது. பழைய கொம்பனியிடமிருந்து சேவைக் கடிதம் வாங்குங்கள், அதில் தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் கடைசிச் சம்பளமும் இருக்க வேண்டும். எடுக்காத விடுமுறைக்கான பணம், கடைசி மாத ஓ.டி., ஐந்து வருடம் முடிந்திருந்தால் பணிக்கொடை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஈ.பி.எப். இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கொம்பனியின் படிவத்தில் கையொப்பமிடும்போது நியமனத் திகதி, அடிப்படைச் சம்பளம், நாளாந்த வேலை நேரம் மூன்றும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம்.